அஞ்சு அடி

ஆணிகளுக்கு ஒரு வாரம் லீவு சொல்லிட்டு சேலத்துக்குப் போயிருந்தேன். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள்ள தாத்தா கட்டின ஓட்டு வீடு. அதை இடிச்சுட்டுப் புதுசா கட்டறோம். லோன் என் பேர்ல, அதிகாரம் அப்பா பேர்ல :-)

பிளான்ல பக்கவாட்டுல அஞ்சு அடி காலியிடம் இருந்துச்சு. மேஸ்திரி பார்த்துட்டு சிரிச்சார். "தம்பி, இந்தத் தெருவுல யாருங்க அதெல்லாம் விட்டிருக்காங்க? பிளான் ஆபீசுக்கு. நாம சுவத்தோட சுவரா சேத்திக் கட்டிக்கலாம்."

அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அஞ்சுக்கு நாப்பது, இருநூறு சதுர அடி. வெள்ளிப் பட்டறைக்கு விட்டா மாசாமாசம் வாடகை. சேலத்துல கொலுசுப் பத்து வைக்கிறதே பாதி வீடுகளுக்குள்ளதான். கேஸ் நெருப்பு ஒரு பக்கம், தொட்டில் ஒரு பக்கம்.

நான் முடியாதுன்னேன். அப்பாவும் நானும் ரெண்டு நாள் பேசிக்கலை.

எனக்கு மனசுல ஓடினது கருங்கல்பட்டி. 2021 நவம்பர் 23 காலையில அங்க ஒரு வீட்ல சிலிண்டர் வெடிச்சுது. வெடிச்சது ஒரு வீடு, இடிஞ்சது வரிசையா ஒட்டியிருந்த வீடுகள். இடிபாட்டுல சிக்கினவங்கள்ல தீயணைப்புத் துறை அலுவலர் ஒருத்தரும் உண்டு. அவர் மீட்க வந்தவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த வருஷம் டிசம்பர் 31 விடிகாலை, நாமக்கல் மாவட்டம் மோகனூர்ல, புத்தாண்டு வியாபாரத்துக்காக வீட்டுல வச்சிருந்த பட்டாசு வெடிச்சு 4 பேர் போனாங்க. அதுல ஒருத்தர் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவங்க என்ன விதியை மீறினாங்க, சொல்லுங்க?

விதி இல்லாம இல்லை. 1971-லயே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தாச்சு. 2019-ல மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதிகளும் வந்துச்சு. மீறினவங்களுக்கும் சட்டம் இருக்கு, அதான் வேடிக்கை. 1999 பிப்ரவரி 28 வரைக்கும் கட்டினதை, காசு கட்டினா வரன்முறை பண்ணித் தர்றதுக்கு 113-ஏ பிரிவு. 'ஒரே ஒரு தடவைதான்'னு சொல்லி 2006-ல உயர் நீதிமன்றம் அதை ஏத்துக்கிட்டுது. 2012-ல 113-சி வந்துடுச்சு, 2007 ஜூலைக்கு முன்னாடி கட்டினதுக்கு. நம்ம மேஸ்திரி சிரிக்காம என்ன பண்ணுவார்?

இன்னொண்ணு. அரசியல் சட்டத்தோட 12-வது அட்டவணையில, நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம்னு 18 வேலைகள் இருக்கு. அதுல கட்டட ஒழுங்கும் உண்டு, தீயணைப்பும் உண்டு. மும்பையில தீயணைப்புப் படை மாநகராட்சியோடது. நம்மூர்ல அது மாநில அரசுத் துறை. சந்து எவ்வளவு அகலம்னு முடிவு பண்றது ஒருத்தர், அந்தச் சந்துக்குள்ள வண்டியைத் திருப்பப் போறது வேற ஒருத்தர். கருங்கல்பட்டி சம்பவத்தப்போ கேள்வி கேக்கறதுக்குக் கவுன்சிலர்கூட கிடையாது. 2016 அக்டோபர்லேருந்து 2022 பிப்ரவரி வரைக்கும் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்கலையே!

வண்டி வர்ற வரைக்கும் ஓடி வர்றது அக்கம்பக்கத்துக்காரங்கதான். எங்க சந்துல எத்தனை பேருக்குத் தீயணைப்பான் பிடிக்கத் தெரியும்னு யோசிச்சேன். எனக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்ச ஒரே பயிற்சி, ஆபீஸ்ல அலாரம் அடிச்சா எல்லாரோடயும் கீழ இறங்கி டீ குடிக்கிறது. மத்திய அரசோட தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல 'ஆப்த மித்ரா'ன்னு ஒரு திட்டம் தொடங்குச்சு. வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்கள்ல தலா 200 தன்னார்வலர்கள். அப்புறம் அதையே 350 மாவட்டம், ஒரு லட்சம் பேர்னு பெருசாக்கினாங்க. 12 நாள் பயிற்சி, கையில ஒரு உபகரணப் பை. நல்ல திட்டம். ஆனா பணம் டெல்லிலேருந்து வரணும். சேலம் மாநகராட்சியில 60 வார்டு. வார்டுக்கு 20 பேர்னு மாநகராட்சியே செலவு பண்ணிப் பழக்கினாக்கூட 1200 பேர் தேறுவாங்க. வரன்முறைக் கட்டணத்துல ஒரு பங்கை இதுக்கு ஒதுக்கினா என்ன? உங்க ஊர்ல எந்த மாநகராட்சியாவது இப்படிச் செய்யுதான்னு தெரிஞ்சா சொல்லுங்க மக்கா.

மூணாவது நாள் ராத்திரி அப்பாவே வந்தார். "ஏங்கண்ணு, அந்தக் கருங்கல்பட்டி விசயத்துக்காகத்தான் சொல்றியா?" ஆமான்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "சரி, விட்டுத் தொலை"ன்னுட்டுப் போய்ப் படுத்துட்டார்.

அஸ்திவாரம் போட்டாச்சு. அஞ்சு அடி அப்படியே இருக்கு. நேத்து அம்மா வீடியோ கால்ல காட்டினாங்க. அதுல அப்பாவோட பழைய டிவிஎஸ் 50, ரெண்டு தண்ணி டிரம், நாலு மூட்டை சிமெண்ட். எடுக்கச் சொல்லியிருக்கேன். மறுபடியும் பேச்சு நின்னுருக்கு :-(