யாருக்காக நிற்பது?

சென்னை சைக்கிள் குழுக்களில் நடக்கும் சண்டைகளில் பாதி ஒரே சண்டைதான். பின்தங்கியவருக்காக நிற்பதா, வேண்டாமா? ஞாயிறு காலை ஈ.சி.ஆர். சாலையில் கிளம்பும் குரூப் ரைடில் யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது எழுதாத சட்டம். பஞ்சர் ஆனால் நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் டியூப் மாற்றுவார், மூவர் யோசனை சொல்வார்கள்.

அதே ஆட்கள் பி.ஆர்.எம். என்கிற நெடுந்தூர ரைடுக்கு வந்தால் குணமே மாறிவிடுகிறது. 200 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம், அவரவர் கால், அவரவர் வேகம். (மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வகுத்தால் 13 மணி 20 நிமிடம்தான் வரும். மீதி 10 நிமிடம் கொசுறு.) குறித்த இடங்களில் கார்டில் முத்திரை வாங்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் ஏ.டி.எம். ரசீதே சாட்சி. தண்ணீர் கொடுக்கிறேன் என்று வீட்டார் காரில் பின்னாலேயே வருவது விதிமீறல்.

சேர்ந்து போவது நம் ஊர்ப் பழக்கம், தனியாக ஓட்டுவது வெளியிலிருந்து வந்த கறார் என்றுதான் குழுவில் பலரும் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் சந்தேகம். பி.ஆர்.எம்.களுக்கு உலகமெங்கும் சான்று கொடுக்கும் ‘ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்’ அமைப்பின் வரலாற்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். பிரெஞ்சு தெரியாது. கணினி மொழிபெயர்ப்பின் தயவில் படித்தேன்.

தேடல் முதலில் இத்தாலியில் போய் நின்றது. 1897 ஜூனில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஏறக்குறைய 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்துக்குள் ஓட்டி முடித்தார்கள். அன்றைய சாலைகளில், கியர் இல்லாத சைக்கிளில் அது சாமானியமில்லை. அந்த யோசனையை 1904-ல் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி டெக்ரான்ஜ். ‘லோட்டோ’ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர். முந்தைய ஆண்டுதான் பத்திரிகை விற்பனைக்காக டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியிருந்தார்.

அவர் வகுத்த 200 கிலோமீட்டர் ரைடு, அச்சு அசலாக நம் குரூப் ரைடு! கேப்டன் ஒருவர் முன்னால் போவார். அவரை யாரும் முந்தக்கூடாது. நிற்பதும் சாப்பிடுவதும் சேர்ந்தே. அப்படி ஓட்டிச் சான்று வாங்கியவர்கள் அதே ஆண்டு இறுதியில் கூடி அமைத்ததுதான் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்.

இதே டெக்ரான்ஜ் தன் பந்தயத்தில் எப்படி நடந்துகொண்டார் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. டூர் டி பிரான்சில் அடுத்தவர் உதவி கூடவே கூடாது என்பது அவர் பிடிவாதம். 1913-ல் பிரனீஸ் மலை இறக்கத்தில் எழேன் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் சைக்கிள் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே அடித்துச் சரிசெய்தார். அங்கிருந்த சிறுவன் துருத்தி ஊதிக்கொடுத்தான். அதற்கும் அபராதம் போட்டார்கள். ஆக, சேர்ந்து போ என்றவரும் தனியாகப் போ என்றவரும் ஒரே ஆள்.

பிரிவினை 1921-ல் வந்தது. கிளப்புக்கும் டெக்ரான்ஜுக்கும் மனஸ்தாபம். தன் பாணி ரைடுகளை நடத்தும் உரிமையை அவர் பறித்துக்கொண்டார். கிளப் சளைக்கவில்லை. அதே ஆண்டு கேப்டனே இல்லாத, அவரவர் வேகத்தில் ஓட்டும் ரைடை ஆரம்பித்தது. இன்றைய பி.ஆர்.எம்.மின் வேர் அதுதான். தத்துவம் ஒன்றும் இல்லை, கோபம்தான்! 1891-ல் பந்தயமாகத் தொடங்கிய 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸிலும் 1931-லிருந்து இரு பாணிக்காரர்களும் ஓட்டினார்கள். கேப்டன் முறை பிரான்சில் இன்றும் இருக்கிறது, மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்ற கணக்கில்.

இதையெல்லாம் படித்த பிறகு என் கட்சி எது என்று குழுவில் கேட்டார்கள். இரண்டும்தான். ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் ஒன்றாக இருக்க முடியாமல் பிரிந்த இரண்டு விளையாட்டுகளை நாம் ஒரே காலையில் ஒரே சாலையில் ஆடப் பார்க்கிறோம். குரூப் ரைடு என்று கூப்பிட்டுவிட்டுக் கோவளம் தாண்டியதும் நாலு பேர் ரேஸ் விடுகிறார்கள். புதிதாக வந்த பையன் லாரிகளுக்கு நடுவே தனியாக மிதிக்கிறான். அடுத்த வாரம் அவன் வருவதில்லை. ‘அவனுக்கு ஸ்டாமினா பத்தாது’ என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

ரைடு நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே, வாட்ஸ்அப்பில் நேரமும் இடமும் போடும்போது இன்னும் ஒரு வரி சேருங்கள். கேப்டன் யார், வேகம் என்ன என்று எழுதுங்கள். கேப்டன் இல்லையென்றால் ‘அவரவர் வேகம்’ என்றாவது முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள்.