இருள் வராத ஊரில் இஷா

 

சென்ற ஜூன் மாதத்தில், சமயக் கல்வி ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றிற்காக ஸ்வீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமிற்குச் செல்லும் வாய்ப்பை அல்லாஹ் நமக்கு அளித்தான். வெள்ளியன்று பயிலரங்கு முடிந்தது. உடனிருந்தோர் அன்று மாலையே புறப்பட்டுவிட்டனர். நமது விமானமோ திங்களன்றுதான். இரண்டு நாள்கள் அந்நகரில் தனியே தங்கினோம்.

பயிலரங்கு நாள்களில் துருக்கி நாட்டு ஆலிம் ஒருவர் இமாமாக நின்றார். அவர் அழைத்த நேரத்தில் இஷாவைத் தொழுதோம். எவ்வாறு கணக்கிட்டார் என்று கேட்கவில்லை. வெள்ளி இரவு தனித்திருந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அங்கே சூரியன் மறையவே 10 மணி கடந்துவிடுகிறது. 11 ஆயிற்று, 12 ஆயிற்று; வடவானத்தின் வெளிச்சம் அகலவில்லை. 3.30 மணியளவில் மீண்டும் சூரிய உதயம். செவ்வானம் மறைந்தால்தானே இஷாவின் வக்து? நான்கு நாள்களுக்கு மேல் தங்கும் எண்ணத்துடன் வந்ததால், நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி பயணியின் சலுகையும் நமக்கில்லை.

கிதாபிலுள்ள சட்டம் நினைவில் இருந்தது. செவ்வானம் மறையாத ஊரார், அது மறைகின்ற அண்மை ஊரின் கணக்கைக் கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக அதை ஓதிக்கொடுத்து வருகிறோம். ஆனால் அந்த அண்மை ஊர் எது?

இதே கேள்வியை எட்டு ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். "அந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது, ஹஸ்ரத்?" விடை நமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "நீ அங்கே குடியேறப் போகிறாயா? போகும்போது பார்த்துக்கொள்" என்றோம். வகுப்பே சிரித்தது. ஓதி முடித்துச் செல்லும்வரை அவர் வேறெந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அன்றிரவு ஒரு நேரத்தை உத்தேசமாகக் கொண்டு தொழுதோம். உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை வாசா அருங்காட்சியகம் சென்றோம். அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபின் ஆணைப்படி கட்டப்பட்ட போர்க்கப்பல் அது. 1628ஆம் ஆண்டு, 64 பீரங்கிகளுடன் முதற்பயணம் புறப்பட்டு, சுமார் 1,300 மீட்டர் சென்றதும் காற்றில் சாய்ந்து மூழ்கியது. 1961இல்தான் வெளியே எடுத்தனர். அதன் நிலைத்தன்மையை முன்னரே சோதித்திருக்கிறார்கள். 30 பேர் மேல்தளத்தில் பக்கத்திற்குப் பக்கம் ஓடினர். மூன்று முறை ஓடியதிலேயே கப்பல் அஞ்சத்தக்கவாறு ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டனர். ஆயினும் பயணம் நிறுத்தப்படவில்லை. அரசர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்; அவரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை. அக்கப்பலின் முன் நெடுநேரம் நின்றோம். வாய் திறக்க அஞ்சிய அம்மனிதர்களைவிட, நம் வகுப்பறையே கண்முன் வந்தது.

அஸருக்கு சோடர்மால்ம் தீவிலுள்ள பள்ளிவாசலை அடைந்தோம். ஃபெர்டினாண்ட் போபெரி என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1903இல் மின்நிலையமாக எழுந்த கட்டடம், 2000ஆம் ஆண்டு முதல் அல்லாஹ்வின் இல்லமாகத் திகழ்கிறது. மேற்கு நோக்கியே தொழுது பழகிய நாம், அங்கே தென்கிழக்கு நோக்கித் தொழுதோம். தொழுகைக்குப் பின், சோமாலியக் குடும்பத்து இளைஞர் ஒருவரிடம் நம் ஐயத்தைக் கேட்டோம். பொறியியல் மாணவர், நம் மாணவரின் வயதே இருக்கும்.

அவர் ஒரு தாளில் படம் வரைந்தார். "இந்நகரம் 59 பாகை வடக்கே உள்ளது. ஜூன் நள்ளிரவில் சூரியன் அடிவானத்திற்குக் கீழே ஏறத்தாழ 7 பாகைதான் இறங்கும். முழு இருளுக்கு 18 பாகை இறங்க வேண்டும். நடுக்கோடையிலும் அவ்வாறு இறங்கும் எல்லை, சுமார் 48 பாகை. ஜெர்மனியின் மியூனிக் நகரம் அங்கேதான் இருக்கிறது" என்றார். அண்மை ஊரின் கணக்கை எடுப்போர், இரவைப் பங்கிட்டு நேரம் குறிப்போர், மஃரிபுடன் இஷாவைச் சேர்த்துத் தொழ அனுமதிப்போர் என ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றும், தாம் மகல்லாவின் அட்டவணையைப் பின்பற்றுவதாகவும் கூறினார். 'ஆலிமான உங்களுக்கு இது தெரியாதா?' என்று அவர் கேட்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பின் சாயலும் இல்லை.

ஞாயிறு காலை, ஊரில் ஒருவரிடம் எண்ணைப் பெற்று, நம் பழைய மாணவரை அழைத்தோம். அன்றைய சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டோம். மறுமுனையில் சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு, "நினைவிருக்கிறது, ஹஸ்ரத்" என்றார். உடனே, "அந்த ஊர் எதுவென்று தெரிந்ததா?" என்று கேட்டார். எட்டு ஆண்டுகளாக அக்கேள்வி அவருள் உயிரோடிருந்திருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்தபடியே விளக்கினோம்.

பெற்றோர்களே, உஸ்தாதுமார்களே! பிள்ளைகளின் கேள்விக்கு விடை தெரியாவிடில், தெரியாது என்று சொல்வோம். தேடித் தருவதாக வாக்களிப்போம். நம் முன்னோர்களான இமாம்கள் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டதில்லை. நமது குறையை மன்னித்து, பயனுள்ள கல்வியை நமக்கும் நம் மக்களுக்கும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.