நிழல் விரும்பும் செம்மீன்

களனி கங்கைக்கும் நில்வளா கங்கைக்கும் இடைப்பட்ட மழைக்காடுகளின் சிற்றோடைகளிலே சிறு மீனினம் ஒன்று வாழ்கின்றது. நீளம் ஏறக்குறைய இரண்டு அங்குலம். பெண்ணை நாடும் பருவத்தில் ஆண் மீன் செக்கச் செவேலென்று விளங்கும். சிங்கள மக்கள் இதனை ‘லே தித்தெயா’ என்பர்; ‘லே’ என்றால் குருதி. 1929ஆம் ஆண்டில் இதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தவர் பீ. ஈ. பீ. தெரணியகல. மேல்நாட்டார் ‘செரி பாப்’ எனப் பெயரிட்டு ஆசையோடு வளர்க்கின்றனர். இலங்கைக்கே உரிய இம்மீனை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்? என் விலங்கியல் வகுப்பிலே வினவினேன். தங்கமீனை யாவரும் அறிந்திருந்தனர். இதனை ஒருவரும் அறியார்.

கடையிற் கண்டால் விரும்பி வாங்குவார் அரியர். வெறுங் கண்ணாடித் தொட்டி, மேலே கண்ணைப் பறிக்கும் விளக்கு. அங்கே இது வெளிறிப்போய் மூலையில் ஒடுங்கி நிற்கும். நோயென்று எண்ணுவாருமுளர். காட்டோடையிலோ மரக்கிளைகள் கவிந்து வெயிலை மறைக்கும். அடியிற் சருகு படிந்திருக்கும். அந்த நிழலைத் தொட்டியிலும் அமைத்துக் கொடுத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தவனாகிய எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. கேத்தலில் வெள்ளை படியும். இம்மீனோ மென்னீரிற் பிறந்தது. ஆதலால் மாரியிற் பிடித்து வைத்த மழைநீரைக் கிணற்று நீரோடு கலந்து விடுகின்றேன். கருமணல், செறிந்த நீர்ச்செடிகள், காய்ந்த வாதுமை இலை இரண்டு. “இருட்டாய்க் கிடக்கிறதே, மீனைக் காணவில்லையே” என்பது வரும் உறவினர் அனைவரதும் குறை. என் மனைவியும் அவர்கள் பக்கமே நின்றாள். ஆண்கள் இரண்டும் செந்நிறங் கொண்டு, செட்டை விரித்து ஒன்றையொன்று சுற்றிய அன்று, அயல்வீட்டாரை அழைத்து வந்து காட்டியவளும் அவளே.

தனியொன்றை வளர்த்தல் கொடுமை. ஆறேனும் கூடியிருத்தல் வேண்டும். ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு. நீரின் வெப்பம் 23 முதல் 27 பாகை செல்சியஸ் வரை நன்று. கிழமைக்கொருமுறை நாலிலொரு பங்கு நீரை மாற்றினாற் போதும். செடிகளுக்கிடையே சிதறிய தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடும். குஞ்சு வேண்டுவோர் பெற்றோரை உடனே வேறாக்குக.

இன்று கடைகளில் விற்பனையாவன பெரும்பாலும் பண்ணையிற் பிறந்தவை. காட்டோடைக்கு வரும் கேடு வேறு வழியால். கரையோர மரங்களை வெட்டினால் ஓடையில் வெயில் விழுகின்றது. மண் கரைந்து நீர் கலங்குகின்றது. அடுத்த விடுமுறையில் மாணவர் சிலரைக் களனிப் பக்கத்து ஓடையொன்றுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். வலை கொண்டுவர வேண்டாமென இப்பொழுதே சொல்லியாயிற்று.