ஆசாரியும் ஜாய்ஸ்டிக்கும்

சித்தூரிலிருந்து திருப்பதி வரை ஒரு வீடியோ கேம் பெட்டியைத் தேடி

தூரத்திலிருந்து பார்த்தால் பீரோ. ஆறடி உயரம், இரண்டடி அகலம், பிளைவுட்டின் மேல் ஒட்டிய மைக்கா. கிட்டே போனால்தான் சாய்வாகப் பதித்த திரையும், அதற்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் பலகையில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும், வண்ண வண்ணப் பொத்தான்களும் தெரியும். 1990களில் பள்ளிவிட்டதும் சைக்கிளைப் பூட்ட மறந்து உள்ளே ஓடிய தலைமுறைக்கு இதற்குமேல் அறிமுகம் தேவையில்லை. அரையிருட்டு அறை, கல்லாவில் டோக்கன், பின்னால் நின்று யோசனை சொல்லும் கூட்டம். வீட்டு வீடியோ கேம்களும் கணினியும் கடைசியில் செல்போனும் வந்து அந்தக் கடைகளை ஒவ்வொன்றாக மூடின. பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின.

இப்போது அதே தலைமுறை, நாற்பதைத் தாண்டிய வயதில், அந்தப் பெட்டியை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பல ஆண்டுகளாக நடக்கும் பொழுதுபோக்கு. சித்தூரில் ஒருவர் இதற்காகக் கிளம்பினால் எங்கெங்கே அலைய வேண்டியிருக்கும்? திருப்பதி இங்கிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. வழியில் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரும் சந்திரகிரிக் கோட்டையும் உண்டு. பெட்டி செய்பவரின் வழியோ யாத்திரைக் கையேடுகளில் இல்லாத வேறு வழி.

முதலில் ஆசாரி. 1911-ல் தனி மாவட்டமாவதற்கு முன் வட ஆற்காட்டின் தலைமையிடமாக இருந்த ஊர் சித்தூர். தமிழும் தெலுங்கும் ஒரே பேச்சில் புரளும். ஒரு வாயில் ஆசாரி, அடுத்த வாயில் வட்ரங்கி, வேலை ஒன்றுதான். அவரிடம் வெளிநாட்டு வரைபடத்தை மில்லிமீட்டரில் நீட்டினால் காரியம் நடக்காது. பொத்தானுக்கான துளை 30 மி.மீ. என்றால் அவர் கணக்கில் ஓர் அங்குலம் ஒன்றரை நூல். இந்த மாற்றத்தில் வித்தியாசம் தலைமுடி அளவுதான். ஆனால் 18 மி.மீ. பிளைவுட்டை எல்லோரும் 'முக்கால் இஞ்ச்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். முக்கால் அங்குலமோ 19 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டரை மறந்து காடி வெட்டினால் பலகை ஆடும்.

எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு இருந்தால் பெட்டி முடிந்துவிடும். இரண்டு பக்கவாட்டுப் பலகைகளையும் ஒரே ஷீட்டில் எடுக்கலாம், ஆளுக்கு இரண்டடி. காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கும். ரம்பம் ஓடும் தடத்துக்கும் மரம் போகும் என்பது முதல் முறை செய்பவருக்குத் தோன்றாது. இரண்டாவது பலகை ஒரு நூல் குறைந்து நிற்கும்போதுதான் தோன்றும். ஆசாரியைக் கேட்டிருந்தால் வெட்டும் முன்பே சொல்லியிருப்பார்.

பிளைவுட் எதற்கு, மரத்துக்கா இந்தச் சீமையில் பஞ்சம் என்று கேட்கலாம். திருப்பதியின் பழைய விளையாட்டுச் சாமானே மரத்தில் செய்ததுதான்: மரப்பாச்சி. ஆணும் பெண்ணுமாக ஜோடியாகக் கடைந்த செம்மரப் பொம்மைகள் தமிழ்நாட்டுக் கொலுப் படிகளிலெல்லாம் இன்றும் நிற்கின்றன. குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை என்று நம்பி வாங்கிப்போனார்கள். அந்தச் செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 1995 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கள்ளச்சந்தை மட்டும் கட்டுப்படவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டப் போன கூலித் தொழிலாளிகள் என்றே சொல்லப்பட்டது. பொம்மைக்கு உதவிய மரம் உயிருக்கு விலையான கதை அது. வீட்டில் பெட்டி செய்பவருக்குக் கடைச் சரக்கான பிளைவுட் போதும். மலையைத் தொட வேண்டியதில்லை.

திருப்பதியைத் தாண்டி ஸ்ரீகாளஹஸ்திப் பக்கம் போனால் மாதவமாலா. மரத்தில் சாமி சிலை செதுக்கும் குடும்பங்கள் வாழும் கிராமம். உளி பிடித்த கை தலைமுறை தலைமுறையாக இறங்கிவந்திருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தின் உண்மையான விசித்திரம் அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது. ரேணிகுண்டா, ஏர்ப்பேடு பக்கம் எழுந்த மின்னணுத் தொழிற்பேட்டைகளில் டிக்ஸன் நிறுவனம் டி.வி.க்களைப் பூட்டுகிறது, சீனாவின் டி.சி.எல். குழுமம் திரைகளுக்கு ஆலை போட்டிருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் 2015-ல் ஃபாக்ஸ்கான் செல்போன் பூட்டத் தொடங்கியது. அங்கே வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒருவர் ஒரு திருகைப் பொருத்துவார், அடுத்தவர் ஒரு வயரைச் செருகுவார். முழுப் பொருளையும் ஒரே கை செய்வதில்லை.

ஒரு பக்கம் மரத்தை முழுதாக அறிந்த கை. இன்னொரு பக்கம் மின்னணுவைத் துண்டு துண்டாக அறிந்த பல ஆயிரம் கைகள். இரண்டும் ஒரே சாலையில் பஸ் ஏறுகின்றன. ஒரே பொருளில் சந்திப்பதில்லை. வீட்டில் செய்யும் விளையாட்டுப் பெட்டி அப்படிச் சந்திக்க வைக்கும் அபூர்வப் பொருள்களில் ஒன்று.

சொல்லப்போனால் இந்தத் தொழில் பிறந்ததே அப்படித்தான். 1972-ல் கலிபோர்னியாவில் அடாரி நிறுவனத்தின் இளம் பொறியாளர் அல் ஆல்கார்ன் ஒரு சாதாரண ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளை டி.வி.யைக் கடையில் வாங்கி, நாலடி மரப்பெட்டிக்குள் வைத்து, கையால் பற்றவைத்த சர்க்யூட்டை இணைத்தார். அதுதான் 'பாங்' ஆட்டத்தின் முதல் பெட்டி. சன்னிவேல் ஊரில் ஒரு மதுக்கடையில் கொண்டுபோய் வைத்தார்கள். சில நாளில் பெட்டி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. திறந்து பார்த்தால் பழுது ஒன்றும் இல்லை. காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. (உண்டியல் நிரம்புவதைப் பற்றித் திருப்பதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். காணிக்கையை எண்ணுவதற்கென்றே பரகாமணி என்ற தனி ஏற்பாடு வைத்திருப்பவர்கள்.)

1985-ல் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் ஜாம்மா என்ற பொது இணைப்பு முறைக்கு வந்தார்கள். பக்கத்துக்கு 28 ஆக 56 முனைகள் கொண்ட ஒரே செருகு. ஆட்டம் அலுத்தால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். பலகையை மட்டும் மாற்றினால் போதும். இந்தியக் கடைகளுக்கு இது வரப்பிரசாதமாக அமைந்தது. பெட்டியை உள்ளூர் ஆசாரி செய்தார், படக்குழாய் டி.வி. மெக்கானிக்கிடமிருந்து வந்தது, பலகை மட்டும் கடல் தாண்டி வந்தது. அதுவும் பல சமயம் நகல். காப்காம் 1993-ல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' ஆட்டத்தின் நிஜப் பெயர் அதை ஆடித் தீர்த்த பையன்களில் பலருக்குத் தெரியாது. அதில் வரும் நாயகர் ஒருவரின் பெயரால் அது இங்கே 'முஸ்தபா'.

இன்றைக்கு அந்தப் பலகையின் இடத்தில் ஏ.டி.எம். அட்டை அளவேயான சிறு கணினி போதும். 2012-ல் வந்த ராஸ்பெர்ரி பை அப்படிப்பட்டது. பழைய ஆட்டங்களை அழியாமல் காக்கும் நோக்கத்தோடு இத்தாலியர் நிக்கோலா சால்மோரியா 1997-ல் தொடங்கிய மேம் மென்பொருள் அதில் ஓடும். மென்பொருள் இலவசம், ஆட்டங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. இந்த வித்தியாசத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை.

ஜாய்ஸ்டிக்குக்குச் சென்னை ரிச்சி தெருவையோ பெங்களூரையோ நம்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவழியில் இருப்பது சித்தூரின் அதிர்ஷ்டம். ஜாய்ஸ்டிக்கின் அடியில் திசைக்கு ஒன்றாக நான்கு மைக்ரோ ஸ்விட்சுகள், பொத்தானுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் கணினிக்குப் போகும், மற்றொன்று பொதுத் தரைக்கம்பியோடு சேரும். வயரிங் என்று பயமுறுத்துவது இவ்வளவுதான். ஒரு பொழுதில் முடிகிற வேலை.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். அந்தக் காலத்துப் படம் வேண்டும் என்று காயலான் கடையிலிருந்து பழைய கலர் டி.வி.யைத் தூக்கிவருபவர்கள் உண்டு. படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே தங்கியிருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் இல்லாமல் பின்மூடியைத் திறக்கக்கூடாது. தட்டைத் திரை பத்திரமானது. ஆனால் அது அகலத் திரை. பழைய ஆட்டம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் இருப்பதால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதற்கொரு அட்டைச் சட்டம் வெட்டி மறைத்துவிடலாம். எதுவானாலும் பின்பலகையில் காற்றுப் போகத் துளையும் ஒரு சிறு விசிறியும் வேண்டும். சித்தூர் வெயிலில் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும்.

எல்லாம் முடிந்து படமும் வந்த பிறகு ஒரு சிக்கல் காத்திருக்கும். மாடியறையில் வைத்துச் செய்த பெட்டியைக் கீழே கூடத்துக்கு இறக்க வேண்டும். ஆறடி உயரமும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பொத்தான் பலகையும் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். கனமும் சாமானியம் இல்லை. முன்யோசனை உள்ள ஆசாரி அந்தப் பலகைக்கு மட்டும் ஃபெவிகால் போட விடமாட்டார். நட்டு போல்ட் கேட்பார். கட்டில் செய்து பழகியவர் அவர். அதன் காலைக் கழற்றித்தானே வாசலுக்குள் நுழைப்பார்கள்.