சூடானால் நிற்கும் ஹெரால்டு... இன்ஜினை இறக்கும் முன் இதைப் பாருங்கள்!

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலை. சித்திரை மாத மதிய வெயில். அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை, சேமிப்பையெல்லாம் கொட்டிப் புதுப்பித்த ஒருவர், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கந்தர்வக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்துகிறார். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை.

கூடி நிற்பவர்களில் ஒருவர் நிச்சயம் சொல்வார்: “இன்ஜினை இறக்கணும் தம்பி.”

“அப்பா போனப்பவே வித்திருக்கலாம்ப்பா” என்பார் அம்மா.

பழைய கார்கள் பல, பழைய இரும்புக் கடைக்குப் போனது இந்த இரண்டு வாக்கியங்களால்தான். ஆனால், காலையில் நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியில் பெரும்பாலும் பிஸ்டன் மீது தப்பு இருக்காது. பெட்ரோல் வரும் வழியிலோ, தீப்பொறியிலோதான் கோளாறு.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்ததை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இதே அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இன்ஜினும் ஒரே குடும்பம். அதனால் அக்காவுக்குப் பார்க்கும் வைத்தியம் தங்கைக்கும் பொருந்தும்.

வண்டி ஓடும்போது மின்விசிறிக் காற்றும், ஓடிக்கொண்டே இருக்கும் பெட்ரோலும் பம்பைக் குளிர வைக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இன்ஜின் சூடு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறும். குழாயில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. மெக்கானிக்குகள் இதை ‘வேப்பர் லாக்’ என்பார்கள்.

முதலில் பானெட்டைத் திறந்து விடுங்கள். ஹெரால்டின் பானெட் மூக்கோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் என்பதால் சூடு சீக்கிரம் வெளியேறும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். பிறகு பம்பின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைக் கையால் அடித்துப் பெட்ரோலை ஏற்றினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். பக்கத்தில் பீடி, சிகரெட் பிடிப்பவர்களை மட்டும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கிளம்பவில்லையா? பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஒரு குண்டூசியில் தீரும் பிரச்னை!

பெட்ரோல் ஒழுங்காக வருகிறதென்றால், அடுத்தது தீப்பொறி. நீலமாகப் பளிச்சென்று வந்தால் சரி. மஞ்சளாக, சோகையாக வந்தால் கண்டென்சரையோ காயிலையோ சந்தேகப்படலாம். இரண்டுமே ஆறியிருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, சூட்டில் ஏமாற்றக்கூடியவை. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும். இதைப் பழகிய மெக்கானிக் பார்ப்பதே நல்லது. ஷாக் பலமாக அடிக்கும்.

புதுப்பித்த வண்டிக்கென்றே இன்னொரு வம்பு உண்டு. பளபளவென்று அடித்த பெயின்ட்டே எதிரியாகிவிடும். பாடியில் எர்த் ஒயர் பதியும் இடத்திலும் பெயின்ட் ஏறியிருந்தால் மின்சாரம் திரும்பி வர வழியில்லை. அந்த இடத்தை மட்டும் சுரண்டி, இரும்பு தெரியும்படி செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து அடித்த பெயின்ட்டைச் சுரண்ட யாருக்கும் மனசு வராது. ஆனால் வேறு வழியில்லை. வருடக்கணக்கில் சும்மா நின்ற டேங்க்கிலிருந்து உதிரும் துருவும் அப்படித்தான். ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, டேங்க்கை இறக்கிக் கழுவுவது மேல்.

இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 2025-ல் இந்திய பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டியது. அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, பிசுபிசுத்து, விரிசல் விடலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்தத் தண்ணீர் டேங்க்கின் அடியில் தங்கிவிடும். போதாததற்கு, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்றைச் சற்றுக் குறைத்துத் தர வேண்டும். இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துக்கொள்கிறது. கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கலவை மெலிந்து, இன்ஜின் இன்னும் சூடாகும்.

அரசின் கொள்கை சரியா, தவறா என்பது வேறு விவாதம். கார் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது சின்னச் சின்ன வேலைகள்தான். எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் குழாய், புது டயாஃப்ரம், கார்புரேட்டரில் கொஞ்சம் திருத்தம். பெட்ரோல் குழாய் சைலன்ஸர் பக்கம் உரசிப் போனால் தள்ளிக் கட்டுங்கள். ரொம்ப நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை வடித்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் நின்றால், அப்போது கம்ப்ரெஷன் செக் பண்ணச் சொல்லுங்கள். இன்ஜினை இறக்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.