நான்கடித் தொட்டியும் நம்ம வீட்டுத் தளமும்

ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் குடியிருப்பது முதல் மாடியில். கீழே வீட்டுக்காரரும் அவருடைய வயதான தாயாரும். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க வேண்டும் என்று என் மகன் பிடிவாதம் பிடித்தபோது, "தளம் தாங்குமாப்பா?" என்று முதலில் கேட்டவர் அந்த அம்மாள்தான். அவர் படுக்கும் கட்டில் எங்கள் ஹாலுக்கு நேர் கீழே.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம் 4 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஆக 9 கன அடி. சுமார் 255 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, கூழாங்கல், இரும்பு ஸ்டாண்டு சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். 1987இல் வெளியான ஐ.எஸ். 875 விதிகளின்படி, வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவைத் தாங்க வேண்டும். தொட்டி அடைக்கும் இடமோ அரை சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம்.

அப்படியானால் இடிந்துவிடுமா? இல்லை. விதி சொல்வது அறை முழுவதும் பரவும் சுமை. பத்துக்குப் பத்து அறையில் அது 1,800 கிலோவைத் தாண்டும். ஒழுங்காகக் கம்பி கட்டிய தளம், சுவரோரத் தொட்டியைப் பொதுவாகச் சுமந்துவிடும். அறை நடுவிலோ, துருத்தி நிற்கும் பால்கனியிலோ வைப்பதுதான் வம்பு. விருந்தாளிகள் நாலைந்து பேர் நெருக்கி நின்றாலும் இதே எடைதான். ஆனால் அவர்கள் போய்விடுவார்கள். தொட்டி வருடக்கணக்கில் நிற்கும். ஓயாத சுமையில் கான்கிரீட் மெல்லத் தொய்யும்.

'ஒழுங்காக' என்ற சொல்தான் எங்கள் பேட்டையில் உதைக்கிறது. பல வீடுகள் கையில் காசு சேரச் சேர மாடி மாடியாக எழும்பியவை. வரைபடம் கிடையாது, மேஸ்திரியின் ஞாபகம்தான் ஆவணம். எங்கள் மேஸ்திரி, "யானையே நிக்கும் சார்" என்றார். 1983இல் பெங்களூர் கபாலி தியேட்டர் அருகே, கட்டிக்கொண்டிருந்த கங்காராம் கட்டடம் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்காதவர்களுக்கு அந்த உறுதிமொழி போதாது.

தெரிந்த இன்ஜினியர் ஒருவரை அழைத்தேன். அவர் எங்கள் தரையைப் பார்க்கவே இல்லை. கீழே போய், அம்மாளின் கட்டிலுக்கு மேலே கூரையைத் தட்டிப் பார்த்தார். குளியலறை ஓரம் பூச்சு உப்பியிருந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தது.

வீட்டுக்காரர் அதைக் கொத்திச் சரிசெய்ய ஒப்புக்கொண்டார். அதுவரை சுவரோரம் இரண்டடித் தொட்டி. தண்ணீர் 60 கிலோகூட வராது. மகனுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.