தன்னைச் சொல்லும் சொல்

தேர்வுக்கூடத்தில் நாம் கற்றதை எழுதுகிறோம். நேர்காணலில் நாம் செய்ததைச் சொல்கிறோம். முன்னதற்கு நினைவாற்றல் போதும். பின்னதற்கு நம் பணியே சான்றாக நிற்க வேண்டும். இவ்வேறுபாட்டை எனக்குத் தெளிவாக உணர்த்தியவர், என்னிடம் மேல்நிலை வகுப்பில் தமிழ் பயின்ற மாணவி ஒருவர்.

அவர் இன்று இங்கிலாந்தில் மருத்துவர். 1948ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அந்நாட்டின் தேசியச் சுகாதாரச் சேவையில் 'கன்சல்டன்ட்' எனப்படும் மூத்த மருத்துவர் பணி மிகப் பொறுப்பு வாய்ந்தது. பல்லாண்டுச் சிறப்புப் பயிற்சிக்குப் பின்னரே அதற்கு விண்ணப்பிக்க இயலும். தேர்வுக்குழுவில் மருத்துவ வல்லுநர்களோடு நிருவாகத்தினரும் அமர்வர். மருத்துவர் அல்லாத ஒருவரே பெரும்பாலும் தலைமை ஏற்பார்.

"ஐயா, நோயைப் பற்றிக் கேட்டால் எனக்கு அச்சமில்லை. என்னைப் பற்றிக் கேட்பார்களே, அதுதான் அச்சமாக இருக்கிறது" என்றார் அவர்.

அவருடைய ஆயத்தம் செம்மையானது. பணிக்குரிய தகுதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் தம் அனுபவத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் குறித்தார். அம்மருத்துவமனைக்கு முன்கூட்டியே சென்று, செவிலியரிடமும் மருத்துவரிடமும் துறையின் தேவைகளைக் கேட்டறிந்தார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் நான் வினவ, அவர் விடையளித்துப் பழகினார்.

அவ்விடைகளில் 'நாங்கள் செய்தோம்' என்பதே நிறைந்திருந்தது. "இதில் நீ செய்தது எதம்மா?" என்று கேட்டேன். "தற்புகழ்ச்சி ஆகாதா ஐயா?" என்றார். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நம் மரபுதான். ஆயினும் அது தகும் இடங்களையும் நன்னூல் பாயிரம் வரையறுத்துள்ளது. தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருப்பது அவற்றுள் ஒன்று. அதை நினைவூட்டினேன். அதன்பின் குழுவின் பணிக்கு 'நாங்கள்' என்றும், தம் முடிவுக்கு 'நான்' என்றும் பிரித்துச் சொல்லத் தொடங்கினார்.

"உங்கள் பணியில் நேர்ந்த தவறு ஒன்றைக் கூறுக" என்னும் வினாதான் அவரைத் தடுமாறச் செய்தது. இரவுப் பணி ஒன்றில், நோயாளி ஒருவரின் குருதிப் பரிசோதனை முடிவை அவர் தாமதமாகப் பார்த்திருந்தார். சிகிச்சை சில மணிநேரம் பிந்தியது. நல்வாய்ப்பாக நோயாளி நலமடைந்தார். முதலில் பணிச்சுமையைக் காரணம் காட்டியே விடையை அமைத்தார். "அந்த நோயாளி எதிரில் அமர்ந்து கேட்டாலும் இவ்வாறுதான் சொல்வாயா?" என்றேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. அடுத்த வாரம் விடை மாறியிருந்தது: "நான் தாமதித்தேன். அன்றே நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் உண்மையைக் கூறினேன். நிலுவையிலுள்ள முடிவுகளைப் பணிமாற்றத்தின்போது எழுதி ஒப்படைக்கும் வழக்கத்தை எங்கள் பிரிவில் கொண்டுவந்தேன்."

முதல் நேர்காணலில் அப்பணி வேறொருவருக்குச் சென்றது. அந்த விடையை மாற்றிவிடலாமா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப் பின் மற்றொரு மருத்துவமனையில் அதே விடையைச் சொன்னார், பணி கிடைத்தது.

மாணவர்களே, திருக்குறளில் 'சொல்வன்மை', 'அவை அறிதல்', 'அவை அஞ்சாமை' என்னும் அதிகாரங்களைப் பயிலுங்கள். அவையில் அஞ்சாதிருக்கப் பயிற்சி வேண்டும். அங்கே சொல்வதற்கு உண்மையான பணி வேண்டும். அதை ஈட்டும் காலம் இதுவே.